கண் திறந்த ஜெபம்

பாட்டின் இரண்டாம் அடியில் அப்பாவின் மூச்சு அறுந்தது. அதுதான் தொடக்கம்.

பம்பாய்த் தாராவியில் எங்கள் சபைக்கு அப்போது ஆர்மோனியம் கிடையாது. தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை, பாய்கள், முன்னால் ஒரு மேசை. யாராவது ஒருவர் முதல் அடியைப் பாடிச் சுருதி எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். அந்த ஒருவர் என் அப்பா. தோல் ஷாப்பில் ஈரத் தோல் சுமக்கிறவர். வாசிக்கத் தெரியாது, பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஜனங்களிடம் ‘பாட்டு ஞானமுத்து’ என்றால்தான் அவரைத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருமல் வந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பாட்டு நடுவில் நின்றது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அந்த அடியை எடுத்துத் தொடர்ந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா துண்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ரத்தம்.

“வெத்தலச் சாறுட்டீ,” என்றார் அப்பா.

“நீங்க வெத்தல போட்டு எந்தக் காலம்? ஆராதனை முடிஞ்சு வந்த வாயால பொய்யி வேறயா?”

இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு துண்டு இருக்கக்கூடும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், எஸ்.எஸ்.ஸி. தேறி, ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கிறவன். அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன் என்பதால் பார்த்ததைச் சொல்ல முடியும்.

நகரசபை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள். மராத்திக்கார டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்க மேல்மூலையில் வெள்ளையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். டி.பி. (நுரையீரலை அரிக்கும் காசநோய்; ஊரில் எலும்புருக்கி என்பார்கள்). அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் அந்த நோய் வந்த யாரும் பிழைத்து அவள் பார்த்ததில்லை.

இப்போது மருந்து இருக்கிறது, அழாதே என்று டாக்டரம்மா இந்தியில் சொன்னார். ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். தனித் தட்டு, தனித் தம்ளர். சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பி எரித்துவிட வேண்டும். மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் சாப்பிட வேண்டும். அதோடு முதல் சில மாதங்களுக்குத் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). கடைசியாக ஒன்று சொன்னார். காதில் இரைச்சல் கேட்டாலோ தலை சுற்றினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும்.

“சமஜ் கயா, பாபா?” புரிந்ததா என்று கேட்டார்.

“ஏக்தம் அச்சா, டாக்டர் பாயி!” என்றார் அப்பா.

இந்தப் பதிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான். தமிழில் ‘தேவ கிருபையில சொகம்’. இந்தியில் ‘ஏக்தம் அச்சா’. எங்கள் வீட்டில் குறை சொல்வதற்கு முறுமுறுப்பு என்று பெயர். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஸ்தோத்திரம், மழைக்குக் கோலி (எங்கள் ஓரறை வீடு) ஒழுகினாலும் ஸ்தோத்திரம்.

“ஒழுகுததுக்குமா ஸ்தோத்திரம்?” என்பாள் அம்மா, பாத்திரத்தைத் தூக்கி ஒழுகும் இடத்தில் வைத்துக்கொண்டே.

“வனாந்தரத்துல முறுமுறுத்த ஜனத்துக்கு என்னாச்சு, பாக்கியம்?”

“அவங்களுக்காவது வானத்துலருந்து மன்னா அப்பம் விழுந்துது. நமக்கு விழுகது ரேஷன் அரிசி. அதுலயும் பாதி கல்லு.”

அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டு அவளுக்காக ஜெபம் பண்ணுவார். சபையிலும் அப்படித்தான்: மனநிறைவுக்கு ஞானமுத்து, வாய்க்குப் பாக்கியம் என்று வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மருந்து வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். ரத்தம் நின்றது. சாயங்காலக் காய்ச்சல் போனது. கன்னத்தில் சதை பிடித்தது. சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகு டாக்டரம்மா கோயிலுக்குப் போகலாம் என்றார். அந்த ஞாயிறு அப்பா எழுந்து சுருதி எடுத்தார்.

எப்போதும் எடுப்பதைவிட மேலே எடுத்தார். ஆண்கள் தொண்டை நரம்பு புடைக்கப் பாடினோம். முடிந்ததும் உபதேசியார் (எங்கள் சபை ஊழியர்) சிரித்துக்கொண்டே, “என்ன ஞானமுத்து, சொகம் வந்ததும் சுருதி ஏறிட்டே! எங்களயும் கொஞ்சம் நெனச்சுப் பாரும்,” என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். பின்னால் ஜெபத்தில் கண்ணை மூடி நின்றபோது அப்பா முன்னும் பின்னும் லேசாக ஆடினார். உருகி நிற்கிறார் என்று எங்களுக்கெல்லாம் தோன்றியது.

ஒவ்வொரு வாரமும் சுருதி மேலேயே இருந்தது. மருந்தகத்தில் டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் காதைத் தொட்டுக் காட்டி, தலையைச் சுற்றிக் காட்டிக் கேட்டார். ஏக்தம் அச்சா.

அம்மாதான் கண்டுபிடித்தாள்.

“ஏல சாமுவேலு, அப்பாவுக்குக் காது கேக்கல.”

“சும்மா இரும்மா. உனக்கு எதிலயும் குறைதான்.”

“ஆமா, நான் கொறக்காரிதான். நேத்து அவருக்குப் பின்னால கொடத்த நங்குன்னு போட்டேன். வேணும்னேதான் போட்டேன். அடுத்த கோலிக்காரி ஓடியாறா, இவரு திரும்பல. சந்துல செவுத்தத் தடவிக்கிட்டு வாராரு, கேட்டா வழுக்குதாம். மழை பெஞ்சு எத்தன நாளாச்சு?”

நான் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, உரக்க, மெதுவாகக் கேட்டேன். காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா? அவர் என் வாயையே பார்த்தார். பிறகு, வெட்கப்படுகிறவர் போலச் சொன்னார்.

“ஒரு சுருதி கேக்குதுலே. ரெண்டு காதுலயும். விடாம. மொதல்ல பயந்தேன். அப்புறம், ஆர்மோனியம் இல்லாத சபைக்கு ஆண்டவர் என் காதுக்குள்ளயே ஒரு சுருதிப்பெட்டி வச்சிட்டாருன்னு நெனச்சேன். அதப் புடிச்சுத்தான் பாடுதேன்.”

அம்மா எழுந்து, மருந்தகச் சீட்டைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள்.

மறுநாள் டாக்டரம்மா அவரைக் காலைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொல்லிச் சைகை காட்டினார். மூடிய உடனே வெட்டிய மரம்போலச் சாய்ந்தார். டாக்டரம்மாவும் நானுமாகப் பிடித்தோம். உட்காதில் இரண்டு வேலைக்கான நரம்பு இருக்கிறதாம்: ஒன்று கேட்பதற்கு, ஒன்று உடம்பை விழாமல் நிறுத்துவதற்கு. சிலருக்கு இந்த ஊசி அந்த நரம்பைத் தின்றுவிடும். தொடக்கத்திலேயே தெரிந்தால் ஊசியை நிறுத்தி, மீதியைக் காப்பாற்றலாம்.

“நான் கேட்டேனே, பாபா,” என்றார் டாக்டரம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. “ஒவ்வொரு தடவையும் கேட்டேனே.”

அவர் உதடு அசைவதைப் பார்த்து அப்பா புன்னகை செய்தார். “ஏக்தம் அச்சா.”

ஊசியை நிறுத்தினார்கள். போன காது திரும்பாது என்றார்கள். மிஞ்சியிருந்ததும் கொஞ்ச நாளில் போய்விட்டது. காதுக்குள் கேட்ட அந்தச் சுருதி மட்டும் போகவில்லை.

மாத்திரை தொடர்ந்தது, நெஞ்சு ஆறியது. அப்பா தோல் ஷாப்புக்குத் திரும்பினார், சுமக்க முடியாததால் உப்புத் தடவும் வேலைக்கு. வெளிச்சத்தில், கண்ணால் தரையைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு நடப்பார். மங்கிவிட்டால் கால் எங்கே இருக்கிறதென்று உடம்புக்குத் தெரியாது. ஒரு நாள் வேலை நீண்டு, பொழுது சாயும் நேரத்தில் கிளம்பியிருக்கிறார். பம்பாயில் மதுவிலக்கு, எங்கள் சந்துகளில் திருட்டுச் சாராயம். தள்ளாடி வருகிறவரை ஒரு போலீஸ் ஹவல்தார் நிறுத்தினார். குடித்திருக்கிறாயா என்று கேட்டிருப்பார்.

“ஏக்தம் அச்சா, சாப்!”

போலீஸ் சௌக்கிக்கு (காவல் சாவடி) நானும் அம்மாவும் ஓடினோம். அப்பா பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் வாடையில் வேறெந்த வாடையும் மோந்து பார்க்க முடியாது. நான் என் ஆபீஸ் இங்கிலீஷில் தொடங்கினேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு, அப்பாவின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஊசித் தழும்புகளைக் காட்டினாள்.

“தாரூ நஹி! சூயி! சூயி! காது கயா, தலை கூம்தா, சமஜ்தா நஹி?”

சாராயம் இல்லை, ஊசி என்று தொடங்கி, சௌக்கி முழுவதும் கேட்கும்படி, எந்த ஊசி, எந்த டாக்டர், இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு கஷ்டத்தைச் சொன்னதுண்டா என்று, பாதி இந்தியும் பாதித் தமிழுமாகக் கொட்டினாள். ஹவல்தார், “லே ஜாவ், மௌசி, லே ஜாவ்,” கூட்டிக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. பாட்டு ஞானமுத்து சௌக்கியில் இருந்தாராம். நோய் வந்தால் சிலர் இப்படித்தான் குடிக்கப் பழகிக்கொள்கிறார்களாம். குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றுபோவதை வைத்து அம்மா எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். அப்பாவிடம் சைகையிலும் உதட்டிலுமாகச் சொன்னாள். அவர் சாப்பிடாமல் படுத்தார். காசநோய் என்று கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் (ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சபைமுன் சொல்வது) என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். செவிடரின் குரல்: ஏற்ற இறக்கம் இல்லாமல், அறைக்குப் பொருந்தாத சத்தமாக.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குச் சொகமில்ல.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைச் சபை கேட்டதே இல்லை.

“நெஞ்சு சொகம். அதுக்கு நன்றி. காது போயிட்டு. நான் குடிக்கல. நேரா நடக்க முடியல, அதான். டாக்டரம்மா கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. முறுமுறுக்கக் கூடாதேன்னு நான் சொல்லல. ஒங்கள்ல யாரும் ஊசி போட்டா, அப்பிடிச் செய்யாதீங்க. சொல்லிருங்க.” நிறுத்தினார். முடித்துவிட்டார் என்று நான் தோளைத் தாழ்த்தினேன். அவர் விடவில்லை. “பாட்டுக் கேக்காம எனக்குக் கஷ்டமா இருக்கு. ரொம்பக் கஷ்டமா இருக்கு. இத ஆண்டவர்ட்ட சொல்லாம யார்ட்ட சொல்ல?”

உபதேசியார் தலைகுனிந்தார். வேறு யாரோ சுருதி எடுத்தார்கள், மிகவும் கீழே. அப்பா எங்கள் வாயைப் பார்த்துப் பாடினார்; சுருதி எங்கேயோ போனது. நாங்கள் முடித்த பிறகும் கடைசி அடியைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முழங்கையைத் தொடும்வரை எல்லாரும் நின்றோம்.

அந்த வாரம், டி.பி.க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குழாயடியில், தனக்கும் காதில் வண்டு சத்தம் கேட்கிறது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். அம்மா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு அவளை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஊசியை உரிய நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இருப்பதில் நிறைவாக இரு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. இன்றும் தட்டில் இருப்பதற்கு நன்றி சொல்லாமல் அவர் கைவைப்பதில்லை. ஆனால் இப்போது ‘சொகம்’ என்று சொல்லுமுன் சற்று யோசிக்கிறார். சில நாள் சொல்வதில்லை. எனக்கு அதுவே அவருடைய விசுவாசத்தின் பெரிய பங்காகத் தெரிகிறது. அதை வாங்க அவர் கொடுத்தது பெரிது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

பொழுது சாய்ந்தால் அவருக்கு நாள் முடிந்தது. விளக்கில்லாத இடத்தில் கால் வைக்க முடியாது. காலையில்தான் வீட்டு ஜெபம். நானும் தங்கையும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் மண்டையில் குட்டு விழும். அதனால் அப்பா ஜெபிக்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இப்போது கண்ணை மூடினால் அவர் விழுந்துவிடுவார். கண் திறந்தே ஜெபிக்கிறார். இது தெரிந்த பிறகு நானும் ஒரு நாள் கண்ணைத் திறந்தேன். அவர் அடுப்பைப் பார்த்து அன்றன்றைய அரிசிக்காக வேண்டினார். அம்மாவைப் பார்த்து அவளுடைய வாய்க்காக நன்றி சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டே முகத்தைச் சுளித்தாள். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. அவர் குட்டவில்லை.

முன்பெல்லாம் மில் சங்கு ஊதியதும் ஆமென் சொல்லிவிடுவார். சங்கு இப்போது அவருக்குக் கேட்பதில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து, பார்த்துமுடித்த பிறகே அடுத்தவருக்குப் போகிறார். ஆபீசுக்கு நேரமாகிறது என்று அம்மாகூட முறுமுறுப்பதில்லை.

இன்று காலையும் சங்கு ஊதி ஓய்ந்தது. அப்பா என் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் என் பெயருக்கு வரவில்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.