முதல் நாள் கடுங்காப்பி

மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு நானும் என் கணவரும் செய்த வேலைக்குச் சரியான பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. காவல்காரர்கள் என்றால் அவருக்குக் கோபம் வரும். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் இரண்டு மாதம், மூன்று மாதம் தங்கிப் பார்த்துக்கொள்வோம். குழாய்களைத் திறந்துவிட வேண்டும், காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும், செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். அவ்வளவுதான். பிறகு இரண்டு பெட்டி, ஒரு குக்கரோடு பஸ் ஏறி அடுத்த வீட்டுக்குப் போவோம். பாதி வாழ்நாளை வெளிநாட்டில் கழித்துவிட்டு வந்து, வெளிநாட்டுக்காரர்களின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று நான் சிரித்தால், "சிரிக்காத புள்ள, இந்த வேலைக்கு நம்மளவுக்கு அனுபவம் யாருக்கு இருக்குது" என்பார்.

முதலில் சிங்காநல்லூரில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. அடுத்தது காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லுக்குப் பின்னால். அங்கே துவைத்துக் காயப்போட்ட துணியிலும் கொப்பரை வாசம் அடிக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதல் நாள் பால் காய்ச்ச மாட்டேன், கடுங்காப்பிதான். பால் பொங்கினால் குடிபுகுந்ததாக ஆகிவிடும். அடுத்தவர் வீட்டில் குடிபுகுந்துவிட்டதாக என்னை நானே ஏமாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போன அன்று என் கையால் பால் பொங்குவதென்றால் அது எங்கள் வீட்டில்தான் என்று இருந்தேன். அவருக்கோ பால் காப்பி இல்லாவிட்டால் பொழுது விடியாது. "உன்ற வைராக்கியத்துக்கு என்ற நாக்குத்தான் கெடைச்சுதா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார்.

அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. மஸ்கட்டில் இருந்துகொண்டே பல்லடம் பக்கம் கட்டினோம். கதவுக்கு என்ன மரம், சமையல் மேடைக்கு என்ன கல் என்பதெல்லாம் போனிலேயே தீர்மானமானது. கிரகப்பிரவேசத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நல்ல நாளைத் தவறவிடக்கூடாது என்று அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் எங்களுக்குப் பதிலாகப் பால் காய்ச்சினார்கள். மஸ்கட்டில் நாங்கள் விடியுமுன் எழுந்து குளித்தோம். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். பால் பொங்கி வருகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது ஆளுக்கொரு தம்ளரில் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப நல்லாப் பொங்குச்சுங்கக்கா" என்றாள் தம்பி மனைவி. எனக்குப் பொறாமையாக இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்! அடுத்த வருடமே என் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது, வேலையும் போனது. அந்த வீட்டை விற்றுத்தான் நாங்கள் எழுந்து நின்றோம். ஒரு ராத்திரிகூட நாங்கள் அதில் படுத்ததில்லை.

போன வைகாசியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு புது வீட்டுக்கு ஆள் கேட்டார்கள். தென்னந்தோப்பின் நடுவில் இருந்தது. சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் இருக்கும் இளம் தம்பதி. பாகம் பிரித்ததில் உறவுக்காரர்களோடு பேச்சு அறுந்துபோயிருந்தது. யானை வந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிற இடம் என்பதால், தோப்பில் ஆள் நடமாட்டம் இருந்தால் தேவலை என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கிரகப்பிரவேசம் ஆகாத வீட்டில் படுக்கக்கூடாதே, அதனால் மோட்டார் ரூமை ஒட்டிய சின்ன அறையில் இருந்தோம். தகரக் கூரை. பகலில் அடுப்பே வேண்டாம், அப்படி ஒரு சூடு.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"ஏனுங்கக்கா, இந்தத் தடவையும் எங்களுக்கு லீவு கெடைக்கிலீங்க. வைகாசிய உட்டா இனி ஆவணிதானுங்க. நீங்க ரெண்டு பேரும் ஜோடியா இருக்கறீங்க, எங்களுக்குப் பதிலா நீங்களே பாலைக் காய்ச்சிருங்க. அப்புறம் ஊட்டுக்குள்ளயே தாராளமா இருந்துக்கலாம். ரெண்டு வருசம் வேணும்னாலும் இருங்க."

இரண்டு வருடம்! அவர் முகத்தைப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பெட்டியோடு பஸ் ஏறினால் படியிலேயே நின்று மூச்சு வாங்குகிறவர். "உன்ற பிடிவாதத்தை ஒரே ஒரு நாளைக்கு மூட்டை கட்டி வை புள்ள" என்றார். சரி என்றேன். அவருக்காகத்தான் சரி என்றேன்.

குறித்த நாளில் விடிகாலையில் புது வீட்டில் கோலம் போட்டு, விளக்கேற்றி, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே அவர்களுக்குச் சாயங்காலம். பால் சூடேறி ஓரத்தில் நுரை கட்டியது.

"அக்கா, போனை இன்னுங் கொஞ்சம் கிட்டக் கொண்டு வரச் சொல்லுங்க. பொங்கறதப் பாக்கோணும்."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை. தலையில் பூ இல்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"ஏனுங்கக்கா, கேஸ் தீந்துபோச்சுங்களா?"

"கேஸ் இருக்குது கண்ணு. உங்க ஊட்டுப் பால் உங்க கையிலதான் பொங்கோணும். ஆவணிக்கே வாங்க. ஊடு எங்கியும் போயிராது. நாங்க அந்த ரூமுலயே இருந்து பாத்துக்கறோம்."

"நல்ல நேரம் போகுதுங்க! நாங்க என்ன வேணும்னா வராம இருக்கறோம்?" அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் போனுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தார். நான் அவளிடம் என் பட்டுச்சேலையைப் பற்றியும், தலையணைமேல் வைத்த போனைப் பற்றியும், பொங்கும்போது நின்றுபோன படத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் திரையில் அசையாமல் நின்றது. மறுபடியும் படம் நின்றுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா லீவு கேட்டுப் பாக்கறேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தப் பாலை எங்கள் அறைக்கு எடுத்துவந்து அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கோபத்திலும் காப்பியை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு வருசம்! ஒரு திருகுல அணைச்சுப்போட்டயே" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. தகரக் கூரைக்குக் கீழே அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம், என் வீம்புக்கு இந்த மனுசனை வாட்டுகிறேனே என்று எனக்கு வலித்தது. அதன் பிறகு அடிக்கடி, மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறிவிடுவார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். அவளே பால் காய்ச்சினாள். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அவள் கரண்டியும் கையுமாக நின்று, சிரித்துக்கொண்டே அழுதாள். சாமிக்கு வைத்ததும் முதல் தம்ளரை என்னிடம்தான் கொடுத்தாள்.

"இனி நீங்க உள்ளயே இருந்துக்குங்கக்கா. நாங்க சொன்ன பேச்சு அப்படியேதான் இருக்குது."

இந்த முறை அவருக்காக வாயை மூடிக்கொண்டு தலையாட்டத் தயாராக இருந்தேன். அதற்குள் அவர், "இல்லீங்க. நாங்க ஊடு பாத்தாச்சுங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரை வாங்கப் போன மனிதர் சிங்காநல்லூரில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே ஒரு பட்டறையில் பில் போடுகிற வேலையும் கேட்டு வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஒரே ஒரு அறைதான். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் முதுகு இடிக்கும். அந்த மாதமே ஒரு நல்ல நாளில், போன அன்றே பாலை அடுப்பில் வைத்தேன். நுரை ஏறும்போது அவர் பழக்கதோஷத்தில் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"யாருக்குங்க காட்டறீங்க?" என்றேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். பால் பொங்கி வழிந்து அடுப்பு தானாகவே அணைந்துபோனது. திரும்பப் பற்றவைத்து இரண்டு தம்ளர் காப்பி போட்டேன். என் தம்ளரை வாயில் வைத்த பிறகுதான் சர்க்கரை போட மறந்தது தெரிந்தது. அதற்குள் அவர் தன்னுடையதைச் சொட்டு விடாமல் குடித்து முடித்திருந்தார்.