அத்தானின் லொறி நின்ற இடம்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன எண்ணெய்த் தாங்கி அது. அத்தான் அதன் ஒரு குழாயை விரலால் அடைத்து, தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி, மற்றக் குழாயில் வாய் வைத்து மெல்ல ஊதுவார். மூடியின் ஓரத்தில் குமிழிகள் கிளம்பும். "உதிலைதான் கள்ளன் இருக்கிறான்" என்பார்.

அக்காவின் கணவரான அவர் கப்பல் எஞ்சினியர். எண்பதுகளின் நடுவில் விடுமுறைக்கு வல்வெட்டித்துறை வந்தபோது, பூனையளவு விளையாட்டு லொறி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே உண்மையான எஞ்சின். அதற்கென்று காரமாக மணக்கும் தனி எண்ணெய். கையிலுள்ள பெட்டியின் அன்ரனாவை நீட்டி விசையைத் தட்டினால் தூரத்தில் லொறி திரும்பும். ஆனால் பின்வளவில் பாதித் தூரம் ஓடியதும் இருமி நின்றுவிடும். புகைக்குழாயிலிருந்து வரும் அமுக்கம்தான் எண்ணெயை எஞ்சினுக்குத் தள்ளுகிறது, மூடி கசிந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும் என்று எனக்கு விளக்கினார். ஆசிரிய வேலை கிடைத்து நான் அப்போது அவர்களோடு தங்கியிருந்தேன். சைக்கிள் ரியூப்பில் வளையம் வெட்டி மூடிக்குள் போட்டார். சில வளையங்கள் எண்ணெயில் ஊறி வீங்கின. கடைசியில் ஒன்று பிடித்தது. வாளியில் ஒரு குமிழியும் எழவில்லை.

அதற்குள் ஊர் எங்களை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பால்கார மனுசி உள்ளே வராமல் போத்தலை வாசல் படலையிலேயே வைத்துவிட்டுப் போனாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "உங்கடை அத்தான் என்ன செய்யிறார்? வயர், அன்ரனா எண்டு சனம் கதைக்குது" என்றார். கதை ஆமியின் காதுக்கு எட்டிவிடுமோ என்று அக்கா நடுங்கினாள். வந்தது ஆமியல்ல, சைக்கிளில் இயக்கப் பொடியள் இரண்டு பேர்.

மூத்தவன் மரியாதையாகவே கேட்டான். "அண்ணை, உது எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும்? ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோ."

லொறியை அவன் பார்க்கவேயில்லை. பெட்டியையே பார்த்தான். தூரத்திலிருந்து குண்டு வெடிக்க வைக்கத்தான் அவன் கேட்கிறான் என்று எனக்கு விளங்கியது. அத்தானோ திருத்திய பெருமையில் இருந்தார். லொறியை ஒருநாளும் தொடாத அக்கா, தானே உள்ளே போய் எண்ணெய் நிரப்பி அதைக் கொண்டுவந்து வைத்தாள்.

லொறி சீறிக்கொண்டு ஓடியது. பழைய இடத்துக்குக் கிட்டப் போய் இருமி நின்றது.

"இவ்வளவு தூரந்தானோ?" என்றான் மூத்தவன்.

"இல்லைத் தம்பி, பெட்டியிலை பிழையில்லை..." என்று அத்தான் தொடங்க, அக்கா குறுக்கிட்டாள். "உவர் இப்பிடித்தான் சொல்லுவார். கொண்டுவந்த நாள்தொட்டு உது அங்காலை போனதேயில்லை."

இளையவன் நடந்துபோய்க் குனிந்து தாங்கியின் மூடியைத் திறந்தான். உள்விளிம்பில் விரலை ஓட்டினான். நிமிர்ந்து அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூடியை அழுத்தி மூடிவிட்டு, "உது சரிவராது, வா" என்று மற்றவனைக் கூட்டிக்கொண்டு போனான்.

அவர்கள் போனதும் அத்தான் மூடியைத் திறந்தார். வளையம் இல்லை. முதலில் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து வளையத்தை அவர் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு லொறி ஓட வேணுமோ, நீங்கள் இருக்க வேணுமோ?"

அத்தான் விடுமுறை முடியுமுன்பே கப்பலுக்குத் திரும்பினார். படலையில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டால் நானும் அக்காவும் வெகுகாலம் திடுக்கிட்டோம். அந்த இளையவன் திரும்பி வரவேயில்லை. கண்டும் ஏன் காட்டிக்கொடுக்காமல் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அக்காவும் அத்தானும் வசிக்கும் வெளிநாட்டு நகரின் பூங்காவில் இப்படியான லொறிகளை ஓட்டுகிறார்கள். போன கோடையில் நானும் கூடப் போனேன். அத்தான் சிரித்தபடி லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா லொறியைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்தவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.