பச்சைச் சட்டையோடு சத்தியமங்கலத்துக்கு

ஆயுத பூசைக்கு எங்கள் கருமத்தம்பட்டியில் தறிகள் மூன்று நாள் ஓடாது. தொண்ணூற்றைந்தில் அந்த லீவின் இரண்டாம் நாள் அப்பாவும் நானும் சத்தியமங்கலம் போய் வந்தோம். மைசூர்ப் படையும் கம்பெனிப் படையும் மோதிய ஊர். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் பாதியில் இருக்கும்போது நான் பள்ளியை விட்டுத் தறிக்கு வந்துவிட்டேன். மீதியை நேரில் பார்க்கலாம் என்று அப்பாதான் கூப்பிட்டார்.

காலை 6.20க்கு அவிநாசி பஸ். பதினைந்து கிலோமீட்டர், தலைக்கு இரண்டு ரூபாய். அங்கே 7.10க்குப் புளியம்பட்டி வழியாகப் போகும் சத்தி வண்டி. ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏழு ரூபாய். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. அம்மா புளிச்சோறு கட்டியிருந்தாள். இரண்டு பேருக்குத்தான், ஆனால் ஆறு பேர் சாப்பிடலாம். எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்றால் அப்படித்தான்.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் போலீஸ் சோதனை. காட்டுக்குள் இருக்கும் சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. துப்பாக்கியோடு ஏறியவர் அப்பாவின் சட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அது இலைப்பச்சை. அந்த மாதம் எங்கள் தறியில் அந்த நிறப் பாவு நூல்தான் ஓடியது. மிஞ்சிய துண்டில் அம்மா அப்பாவுக்குச் சட்டையும் சோற்றுக்குப் பையும் தைத்திருந்தாள். தறிக்காரர்கள் வீட்டில் துண்டுத்துணியின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? காட்டுக்குள் இருப்பவர்களும் பச்சை உடுத்துகிறார்கள் என்று பேப்பரில் வந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

“எறங்குய்யா.”

அப்பா பையோடு இறங்கினார். கண்டக்டர் என்னிடம், “நீ உக்காரு அம்மணி, வண்டி நிக்காது” என்றார். நானும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

பெரிய அதிகாரி நாற்காலியில் இருந்தார். பையைப் பிரித்தார். “ரெண்டு பேருக்கு இவ்வளவு சோறா? உள்ள யாருக்குக் கொண்டு போறே?”

“நாங்க திங்கறதுக்குத்தானுங்க.”

“துணி எங்க வாங்கினே?”

“வாங்கலைங்க. நாங்களே நெஞ்சதுங்க.”

“புடிபடறவன் எல்லாருமே நெசவாளிதான்” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “ஜீப்புல ஏத்து.”

அப்பா கைகூப்பி நின்றார். வெளியாட்களிடம் நான் பேசியதே இல்லை. தொண்டை ஒட்டிக்கொண்டது. பையின் பிசிறிலிருந்து ஒரு இழையை உருவி, அறுத்து, அதிகாரி முன்னால் நின்றே முடிச்சுப் போட்டுப் பிணைத்தேன். தறியில் ஒரு நாளைக்கு நூறு தரம் செய்வதுதான். பார்க்காமலே விரல் செய்துவிடும். நீட்டினேன். அவர் இழுத்தார். முடிச்சுக்குப் பக்கத்தில் இழை அறுந்தது, முடிச்சு அவிழவில்லை.

“மறுபடி போடு.”

போட்டேன். அவரும் முயன்று பார்த்தார், வரவில்லை. என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நூல் அறுத்த கோடுகள் அதில் நிறைய இருக்கும்.

“படிக்கலையா?”

“எட்டாவதோட நின்னுட்டனுங்க.”

அவர் என் கையை விட்டார். பிறகு அப்பாவிடம், “சட்டையும் பையும் இங்க இருக்கட்டும். இதைப் போட்டுக்கிட்டு நடந்தா, அடுத்த எடத்துல சுட்டுட்டுத்தான் கேப்பான்” என்றார்.

சோற்றுப் பொட்டலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். அப்பா பனியனோடு தோளில் துண்டு போட்டிருந்தார். கடந்துபோன ஒவ்வொரு ஜீப்புக்கும் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

போர் நடந்த இடம் என்று தேடினால் பலகை எதுவும் கிடையாது. பவானிக்கரை டீக்கடைக்காரர் நெல் வயலைக் கைகாட்டி, “அங்கதானுங்க சண்டைன்னு சொல்லுவாங்க” என்றார். அப்பாவைப் பார்த்து, “நீங்களும் அதுலதான் சட்டையப் பறிகொடுத்தீங்களாக்கும்?” என்றார். அப்பா சிரிக்கவில்லை. டீ ஒன்றரை ரூபாய். வயலில் கொக்குகள் நின்றன. பாடத்தில் முன்னூறு வரி படித்திருந்தாலும் அந்தச் சண்டை எனக்குப் புரிந்திருக்காது. அன்று துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்களுக்கும் தொண்டை இப்படித்தான் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

போகிறவர்கள் வெள்ளை உடுத்துங்கள். அளவாகச் சோறு கட்டுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். திரும்பும்போதும் அதே சோதனை உண்டு, பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

நான்கு மணி வண்டியில் வேறொரு போலீஸ்காரர் ஏறினார். “எந்த ஊர்?” அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கருமத்தம்பட்டிங்க” என்றேன். “இவரு எங்கப்பாங்க.”