காதர் பாட்சா வண்டிக்கு நான் சேர்த்த பட்டைகள்

லப்பைக்குடிக்காடு காதர் பாட்சா பாய்க்கு ஒரு பழக்கம். அவருடைய அம்பாசடரில் யார் கைவைத்தாலும், வேலை முடிந்ததும் அவரையே பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டுவார். இருபது வருடமாகத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர். வளைவில் வண்டி திரும்புவது தூங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்பார்.

2002-இல் அவர் என்னிடம் வந்தது அவருடைய கெட்ட நேரம். நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கட்டுகிறவன்; மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன்.

"சவுதிப் பெட்டி நாலு ஏத்துனா பின்னாடி உக்காந்துடுது மணிவேலு. கொஞ்சம் பாரு. வெள்ளிக்கிழமை ஜெயங்கொண்டத்துலேருந்து எம் மவ ஆஃப்ராவ அழைச்சிட்டு வரணும். ஏழு மாசம். வளைவு வந்தாலே வாந்தி எடுக்குற புள்ள."

அன்றைக்குப் பெட்டி உண்டா என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம், தலையாட்டிவிட்டேன். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்தேன். கவிதையில் ஒரு சொல் கூடினாலே முகம் சுளிக்கிற ஆள் நான்.

பின்சீட்டில் ஏறினேன். காலி வண்டி, பட்டை மடங்கவே இல்லை. செந்துறை ரோட்டு வளைவில் ஒரு பள்ளம். பின்டயர் எம்பி, வண்டியின் பின்பக்கம் வெளியே வழுக்கியது. பட்டை வாங்க வேண்டிய முறுக்கைத் துருப்பிடித்த தரைத்தகடு வாங்கிக்கொண்டது. பாடி நெளிந்ததில் என் பக்கத்துக் கதவு தானே திறந்துகொண்டது. மடியிலிருந்த என் கவிதைத் தொகுப்பு சோளக்கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

"புள்ளைய இப்படியா கூட்டியாறச் சொல்ற?" என்றார் பாய். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"லாரி நெனப்புல செஞ்சிட்டேன் பாய்."

"எம் மவள கல்லுன்னு நெனச்சியாக்கும்?"

மறுநாள் கூடுதல் பட்டைகளைக் கழற்றி டிக்கியில் போட்டேன். தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். பாடி விறைப்பாக நிற்க வேண்டும், பட்டை வளைந்து கொடுக்க வேண்டும். நான் நேர்மாறாகச் செய்திருந்தேன்.

இந்தமுறை பாய் என் கையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். அதே வளைவு. வண்டி லேசாகச் சாய்ந்து, ரோட்டை ஒட்டிக்கொண்டே திரும்பியது. தண்ணீர் கொஞ்சம்தான் சிந்தியது. எங்கே என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்குள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் நுழைந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலில் அம்பாசடர் நின்றது. பின்சீட்டில் ஆஃப்ரா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாய் சத்தமில்லாமல் டிக்கியைத் திறந்து, நான் கழற்றிப்போட்ட பட்டைகளை என்னிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்க தம்பி," என்றார் கிசுகிசுப்பாக. "அடுத்த பொஸ்தகம் பறக்காம இருக்க வெயிட்டு வேணும்ல."