முக்கால் அங்குலம்

அங்குலக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஒரு வருடமாக எங்கே போனாலும் அங்குலம், அங்குலம் என்றே பேசித் திரிந்ததில் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. தொழில், தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மலைத் தோட்டங்களில் பம்பு மக்கர் பண்ணினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். போகிற வழியில் பாலமில்லாத ஓடை ஒன்று உண்டு. சாதாரண வண்டி அதில் இறங்கினால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து அங்கேயே படுத்துவிடும். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற தன் ஜீப்புக்கு உயரமான ஸ்பிரிங் போட்டு, நன்றாக நிமிர்த்தி வைத்திருந்தாள்.

சட்டத்தில் இதற்கென்று இருந்தது ஒரே வரி: வண்டியின் உயரத்தை நியாயமான அளவுக்கு மேல் கூட்டக்கூடாது. எது நியாயம் என்பதை எழுதிய புண்ணியவானே சொல்லாமல் போய்விட்டார். ஏழு வருடம் வாகன ஆய்வு அலுவலகத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு மாறினாள். வண்டியும் வேறு அலுவலகத்துக்கு மாறியது. அங்கிருந்த ஆய்வாளர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தார். உயரம் அதிகம், அடுத்த ஆய்வுக்குள் இறக்காவிட்டால் பதிவு ரத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜீப் போனால் பிழைப்பும் போச்சு.

அக்காவின் கணவர் தையல்காரர். அவள் புலம்பித் தீர்க்கும்வரை பட்டன் தைத்துக்கொண்டிருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "ஒரே ஆளை மூணு டெய்லர்கிட்ட அனுப்பு. மூணு இடுப்பளவு வரும். இடுப்பு எதுன்னு முதல்ல பேசி முடிவு பண்ணிட்டுத்தான் டேப்பையே எடுக்கணும்."

அக்காவுக்குப் பொறி தட்டியது. மறுநாளே ஜீப்பை மூன்று அலுவலகங்களுக்கு ஓட்டினாள். ஒருவர் தரையிலிருந்து கூரைவரை அளந்து, சரி என்றார். இன்னொருவர் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டுவரை அளந்து, அதிகம் என்றார். மூன்றாமவர் அளக்கவே இல்லை. ஹெட்லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்தினார். ஒரே நாள், ஒரே வண்டி, மூன்று தீர்ப்பு.

அவர்கள் கொடுத்த மூன்று சீட்டையும் நகலெடுத்து, எல்லா அலுவலகத்திலும் ஒரே அளவு வேண்டும் என்று ஒரு மனுவும் எழுதிக்கொண்டு, ஜீப் நிற்கிற வாசலெல்லாம் ஏறி இறங்கினாள். ஜீப்பில் மலையேறுகிற மாட்டு டாக்டர் ஒருவர்தான் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் உருள்வதற்கென்றே ஜீப் வாங்கிய ஒரு கோஷ்டி, இந்தச் சட்டத்தையே தூக்கச் சொல்லுங்கள், கொடி பிடித்து வருகிறோம் என்றது.

"சட்டம் வேணாம்னு நான் எப்பப்பா சொன்னேன்? எல்லா ஆபீசுலயும் ஒரே சட்டம் இருக்கணும், படிச்சா புரியணும். அவ்வளவுதான்."

கோஷ்டியில் பாதிப் பேர் அன்றே கழன்றுகொண்டார்கள். அக்கா சளைக்கவில்லை. மனுவுக்கு மேல் மனு போட்டு உயிரை வாங்கியதில், கடைசியில் துறையே விசாரணைக் கூட்டம் போட்டது. மூன்று சீட்டையும் அடுத்தடுத்துப் படித்த பெரிய அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு புது விதியின் வரைவை வாசித்தார்கள். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளக்க வேண்டும். கம்பெனி கொடுத்த உயரத்துக்கு மேல் இரண்டு அங்குலம் கூட்டலாம். எல்லா அலுவலகத்துக்கும் இதுவே விதி. கூட்டம் கைதட்டியது. அக்கா தட்டவில்லை. அந்தக் கணக்கில் அவளுடைய ஜீப் இரண்டே முக்கால்.

ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். மூன்று அங்குலம் கேளுங்கள் என்று மாட்டு டாக்டர் முழங்கையால் இடித்தார். அக்கா எழுந்து, ஏன் இரண்டு என்று கேட்டாள். சுமையோடு வளைவில் திரும்பினால் அதற்கு மேல் வண்டி கவிழப் பார்க்கிறது, ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்றார் துறைப் பொறியாளர். போன மழைக்காலத்தில் அக்கா கூரைமேல் குழாய்க் கட்டோடு மலை இறங்கும்போது, ஒரு வளைவில் ஒரு பக்கத்துச் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"ஆட்சேபம் இல்லீங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே ஸ்பிரிங்கை மாற்றினாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அதே ஆய்வாளர் இந்தத் தடவை மண்டி போட்டு, நாலு சக்கரத்தையும் அளந்து, சரி என்று எழுதிக் கொடுத்தார். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம் மழை வந்தது. தேங்கிய தண்ணீரை இறைக்கிற பம்பு நின்றுபோய், தோட்டத்தில் நாற்றெல்லாம் முங்கிக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தது. அக்கா விரைந்தாள். ஓடைக்கரையில் தண்ணீரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்ஜினை அணைத்தாள். போன வருடம் இதே அளவு தண்ணீரில் வந்தீர்களே என்று எதிர்க்கரையிலிருந்து தோட்டக்காரர் கூவினார். சட்டத்துக்காக வண்டியின் உயரத்தை இறக்கிய கதையை அக்காவும் கத்தியே சொன்னாள்.

"எவன்க்கா இப்படி ஒரு சட்டத்தைப் போட வச்சது?"

அக்கா செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டாள்.

"நான்தான்யா," என்றாள் பிறகு. கருவிப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தாள்.