எழுத்துள்ள கல்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியது கிராணி வேலைக்கு. கிராணி என்றால் இங்கே ஆபீசில் எழுதுகிறவன். இங்கிலீசு படித்தவன், வெள்ளை உடுப்புப் போட்டவன், துரையோடு நேரில் பேசுகிறவன் என்று எனக்கு நானே பெரிய ஆள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் பட்டப்பகலிலேயே பிடித்தேன். அதுவும் கல்லுடைக்கிற சனங்களுக்கு முன்னால்.

முருகன் கோயிலுள்ள தண்ணீர்மலைக்கு அந்தப்புறம் ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்டிக் குளம் ஒன்று உண்டாக்கியிருந்தார்கள். குளத்தைச் சுற்றியுள்ள காட்டை இனி யாரும் வெட்டக்கூடாது, அதைப் பூங்காவாக்கிப் பாதை போட்டு, பட்டணத்துக் கனவான்கள் மாலையில் வந்து காற்று வாங்கவேண்டும் என்பது எங்கள் துரையின் திட்டம். திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. அதோடு, அங்கேயுள்ள பழைய சின்னங்களையும் காப்பாற்ற வேண்டும் என்றார். பாசி படிந்த வெள்ளைக்காரர் சமாதிகள் இரண்டு, ஒரு சீன வியாபாரியின் சமாதி. அவற்றுக்கு மேலே ஒரு மேட்டில் நம்முடைய ஆட்களின் புதைகுழிகள். குளத்துக்காகப் பாறை உடைத்தபோது செத்தவர்கள். தலைமாட்டில் ஆளுக்கொரு கல், அவ்வளவுதான்.

எது சின்னம், எது வெறுங்கல்? துரை சுருக்கமாக முடித்துவிட்டார். எழுத்து இருந்தால் வை, இல்லாவிட்டால் எடு. அதை நான்தான் கூலிக்காரர் கொட்டகை வாசலில் நின்று தமிழில் சத்தம் போட்டுச் சொன்னேன்.

"எழுத்து இருக்கிற கல்லு நிக்கும். இல்லாத கல்லு போகும். வாற திங்கக்கிழமை துரை வந்து பார்ப்பார்."

செத்தவர்களில் பலருக்கு இங்கே கேட்பாரில்லை. கொட்டகையில் எழுதத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஒரேயொரு பெண்பிள்ளை மட்டும் மறுநாள் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். வேட்டு வைத்துப் பாறை உடைத்தபோது கல் விழுந்து புருசன் போய்விட்டான். அவன் செத்த அதே பாறையில் அவள் இன்னும் கல்லுடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மேட்டுக்குப் போய் அவன் தலைமாட்டில் விளக்கேற்றுவாள்.

"கிராணி ஐயா, அவரு பேரை ஒரு துண்டு காயிதத்துல எழுதிக் குடுங்க. பாத்து நானே கல்லுல கொத்திக்குவேன். உளி, சுத்தி எல்லாம் இருக்கு."

"பேர் என்ன?"

அவள் தலையைக் குனிந்தாள். புருசன் பேரை வாயால் சொல்லலாமா? "அதான் ஐயா, மலை மேல நிக்கிற சாமி இருக்குல்ல, அது கையில பிடிச்சிருக்குமே, அது."

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்காதவன் தமிழனா? ஆனால் பக்கத்தில் கூலிக்காரரை மேய்க்கிற கங்காணி நின்றான். அவன் முன்னால் எனக்குக் குரங்குப் புத்தி வந்தது.

"என்ன, சேவலோ?" என்றேன்.

கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ, இல்லீங்கய்யா. இன்னொரு கையில."

"வாயாலை சொல்லு, எழுதித் தாறன். சொல்லாட்டில் எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்லு லா," என்றான் கங்காணி, மலாய்ப் பேச்சின் இழுவையோடு. "செத்தவன் எந்திரிச்சு வந்து அடிக்கவா போறான்?"

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தரமும் முயன்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. எனக்கு அதுவும் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"போ, போய் வேலையைப் பார். அரசாங்கத்துக் கடுதாசி உன்ரை விடுகதை அவிழ்க்கவோ இருக்குது?"

என்ன கேடுகெட்ட மனிசன் நான்! ஒரு சின்னப் பெயர். எழுத ஒரு நிமிசம்கூட ஆகியிராது.

திங்கட்கிழமை துரையோடு மேட்டுக்கு ஏறினேன். எல்லாம் வெறுங்கற்கள், ஒன்றைத் தவிர. அதில் உளியால் ஆழமாகக் கொத்திய எழுத்துகள், புதுக்காயம் ஆறாமல் வெள்ளையாகத் தெரிந்தன. வரி கோணல்மாணலாகப் போயிற்று. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கீழே தனியாக நின்றது. குனிந்து வாசித்தேன்.

"இந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டக் கூடாது."

அது என் வாசகம். குளக்கட்டில் நட்டிருந்த பலகையில் நானே வர்ணத்தால் எழுதியது. அவள் பக்கத்தில் நின்றாள். இடக்கை விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"நீங்க எழுதித் தரலை," என்றாள் மெல்ல. "அதான் நீங்க எழுதி வச்ச பலகையைப் பாத்துக் கொத்திட்டேன். என்ன எழுதியிருக்கோ, எனக்குத் தெரியாது. அவரு பேரு இல்லைன்னு மட்டும் தெரியும். எழுத்து இருந்தாப் போதும்னுதானே சொன்னீங்க?"

சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். எங்கள் சட்டத்தை வைத்தே எங்களை மடக்கிவிட்டாள், கெட்டிக்காரி.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று துரை இங்கிலீசில் கேட்டார்.

அவள் புருசன் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது. கங்காணி கைநாட்டு. ஒரே ஒரு பொய் போதும். கல்லும் நின்றிருக்கும், அவள் புருசனும் கிடந்த இடத்தில் கிடந்திருப்பான். பயந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பமாட்டேன். பயமாவது மண்ணாவது! துரையைச் சிரிக்க வைக்கிற பாக்கியம் ஒரு கிராணிக்கு எத்தனை தரம் கிடைக்கும்? அந்த ஆசைதான். உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்.

துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன ஏது என்று தெரியாமலே கங்காணியும் சிரித்தான். எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். காரியம் பலித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவி.

"கல்லு நிக்குமா ஐயா?"

"நிக்கும்," என்றேன்.

அது பொய்யில்லை. மரப்பலகை மழையில் உளுத்துப்போகிறது, இந்தக் கல்லைப் பிடுங்கிக் குளக்கட்டில் நடு என்று துரை அப்போதுதான் இங்கிலீசில் சொல்லியிருந்தார். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை நகர்த்தவில்லை.

மறுநாளே அவளைப் பள்ளத்தாக்கின் மறுகோடியில் வேலைக்கு அனுப்பிவிட்டு மேட்டை வெட்டினார்கள். மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து குளத்தைச் சுற்றிப் பாதை போட்டார்கள். மேலே செம்மண் தூவி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டினார்கள். எலும்பு ஏதும் அகப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. கூடை சுமந்தவர்களும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவள் பூவும் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்தாள். முதலில் மேட்டுக்குப் போனாள். அங்கே மேடே இல்லை. பிறகு குளக்கட்டுக்கு வந்து கல்லைக் கண்டாள். அதைத் தடவிப் பார்த்தாள், அதன் அடியில் பார்த்தாள், சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம் பாதையில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"கல்லு இங்க இருக்கு. அவரு எங்க ஐயா?"

கையிலிருந்த பென்சிலால் கீழே காட்டினேன். "அந்த மேட்டு மண்ணை வெட்டித்தான் இந்தப் பாதை போட்டது."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் "ஐயோ!" என்று நெருப்பை மிதித்தவள் போலத் துள்ளிப் பக்கத்துப் புல்லில் போய் நின்றாள். அது புதிதாகப் பதித்த புல். காவலுக்கு நின்ற மலாய்க்காரன் தூரத்திலிருந்து அதட்டினான். அவள் அசையவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.

"புல்லிலை நிக்கக் கூடாது. இறங்கு," என்றேன் நான். தமிழில்தான் சொன்னேன், அவளுக்கு விளங்கவேண்டுமே.

அவள் என்னைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புல், நடுவில் பாதை. வெளியே போக வேறு வழி கிடையாது. எண்ணெய்க் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, விரல் நுனியை மட்டும் ஊன்றி, வெளிவாசல் வரைக்கும் அந்தப் பாதையிலேயே நடந்து போனாள்.