தங்கச்சியின் ஓட்டும் நாற்பது பேரும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஓட்டுப் போட்டது என் தங்கச்சி. அதுவும் இங்கே இல்லை. ஜெர்மனியில்.

நான் ரங்கூனில் பிறந்தவன். என்னைப் பெற்ற அத்தாவும் இங்கேதான் பிறந்தார். ஆனாலும் எங்கள் கையில் இருந்தது வெளிநாட்டார் அட்டை. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது. எண்பத்தெட்டுக் கலவரம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து நாட்டில் ஓட்டு நடந்தது. அத்தா துவைத்த கைலி கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். தங்கச்சி அப்போது சின்னப் பிள்ளை. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கைலியை மாற்றினார், மடித்து வைத்தார். மவுத்தாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கச்சி கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போனாள். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதியில் வேலை. பத்து வருஷத்தில் அந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாள். எங்களுக்கு இங்கே மூன்று தலைமுறையாகக் குடியுரிமை கிடைக்கவில்லை.

2009 என்று நினைவு. ரங்கூன் தாமுவேயில் எங்கள் சந்து முனையில் ஒரு வெற்றிலைக் கடை. மேசை மேல் போன் வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூப்பிட்டு, ஐரோப்பா முழுவதற்கும் ஓட்டு வருகிறது, எனக்கும் காகிதம் தபாலில் வந்திருக்கிறது என்றாள். கையை விரித்தாலும் அடங்காத நீளமாம். கட்சிகள் பெயர் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஒரே ஒரு இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும்.

போடு, அதற்கென்ன என்றேன்.

அவள் சொன்னாள்: "இல்லண்ணே. இங்க எங்களைப் போல வந்தவங்களுக்காகப் பேசுற கட்சி ஒண்ணு இருக்கு. அவங்களேதான் பர்மாவுல தைச்ச சட்டையை ஐரோப்பா வாங்கக் கூடாதுன்னும் சொல்றாங்க. அவங்களுக்குப் போட்டா உங்க வேலை போயிரும். போடலேன்னா, வந்தவங்களையெல்லாம் அனுப்பிரணும்னு சொல்ற கூட்டம் பெருசாயிரும். நீங்க சொல்லுங்க. எதுக்குப் போட?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஊருக்கு வடக்கே மிங்கலாடோனில் வேலை. சட்டைத் தொழிற்சாலை. சுற்று ரயிலில் போய் வருவேன். நான் இஸ்திரி. நீராவிப் பெட்டியை எடுத்தால் சாயங்காலம்தான் கீழே வைப்பேன். சில வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா எங்கள் நாட்டுச் சட்டை வேண்டாம் என்று நிறுத்தியபோது பக்கத்தில் இருந்த தொழிற்சாலைகள் மூடின. அங்கே வேலை செய்த பெண்கள் வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியும். மிச்சம் இருந்தது ஐரோப்பா. அதுவும் போனால் நாங்களும் வாசலில்தான்.

அந்த வாரம் ஒரு காலரைக் கருக்கிவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. மேஸ்திரி சத்தம் போட்டார். பொத்தான் வரிசையில் இருந்த மூத்த பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பது வயசு இருக்கும், கன்னத்தில் எப்போதும் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசியிருப்பாள், அவளிடம் எதையும் மறைக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் வந்து என்ன விஷயம் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். சொன்னது என் தப்பு.

மறுநாள் எங்கள் தளத்தில் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் என்னை அகோ என்பார்கள், மரியாதைக்கு அண்ணன் என்கிற மாதிரி. அகோவின் தங்கச்சிக்கு ஐரோப்பாவில் ஓட்டு இருக்கிறது. அவர்கள் யாரும் ஒரு ஓட்டு பலித்துப் பார்த்தவர்கள் இல்லை. தொண்ணூறில் போட்டவர்களின் ஓட்டும் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், ஜெயித்தவர்களிடம் பட்டாளம் ஆட்சியைக் கொடுக்கவே இல்லை. அதனால் ஒரு ஓட்டு எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்று எங்களில் ஒருவருக்கும் கணக்குத் தெரியாது. என் தங்கச்சி கையில்தான் தொழிற்சாலை இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஒருத்தி மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டினாள், அகோ, இதையும் தங்கச்சியிடம் சொல்லுங்கள் என்றாள். ஒரு வாயாடி, ஜெர்மன்காரர்கள் சட்டை இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்கள் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நான் சிரிக்கவில்லை. டீக்கடையில் கூட இதே பேச்சு. அடுத்த வருஷம் இங்கேயே ஓட்டு வரும் என்றார்கள், அதைப் பற்றி வாயைத் திறக்க எல்லோருக்கும் பயம். ஐரோப்பா ஓட்டைப் பற்றி மட்டும் சத்தமாகப் பேசினார்கள். யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்று சிற்றலை ரேடியோவில் கேட்டதைச் சொன்னார்கள். அங்கே ஜனங்களில் பாதிப் பேர் போடவே போகமாட்டார்களாம். அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

ரயிலில் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றேன். இன்சீன் வந்தால் அந்தப் பக்கம் போவேன், அடுத்த நிலையம் வந்தால் இந்தப் பக்கம். வீட்டில் பெண்டாட்டி கேட்டாள், காலில் என்ன சக்கரமா என்று. இரண்டாவது ஞாயிறும் தங்கச்சிக்குப் பதில் சொல்லவில்லை. போனில் வேறு எதையோ பேசினேன்.

அன்றைக்குத் தங்கச்சி தன் மகனைப் பற்றிச் சொன்னாள், அவனுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடம் போகிற வழியில் யாரோ ஒருவன் பையனைப் பார்த்து உன் ஊருக்குப் போ என்று சொன்னானாம். பையன் அழாமல் வீட்டுக்கு வந்து, என் ஊர் எது என்று கேட்டிருக்கிறான். இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் போனை வைத்த பிறகு வெற்றிலைக் கடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அத்தா வரிசையில் நின்ற நினைப்பு வந்தது.

மூன்றாவது ஞாயிறு சொன்னேன்.

"உன் பிள்ளைக்கு எது நல்லதோ அதுக்குப் போடு. எங்களைப் பார்க்காத."

"அண்ணே, உங்க வேலை?"

"கை இருக்கு. இஸ்திரி எங்கயும் போடலாம்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று தோன்றியது. நான் பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தில் உன் பேரை எழுது, கீழே அத்தா பேரை எழுது, கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் காகிதம் செல்லாது என்றேன். வார்டு ஆபீசில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் அதுதானே. இரவு விருந்தாளி தங்கினாலும் அத்தா பேர் எழுத வேண்டும். ரேஷன் அரிசிக்கும் அத்தா பேர். பேர் இல்லாத காகிதத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவளும் இங்கே வளர்ந்தவள்தான். சரிண்ணே என்றாள்.

நாற்பது பேரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி போட்டுவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. யாருக்குப் போட்டாள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம். வாசலில் லாரி சத்தம் கேட்கும்போதெல்லாம் பெட்டியை நிறுத்திப் பார்ப்பேன். மேஸ்திரி முகத்தைப் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் துணிக் கட்டுகள் வந்து இறங்கின. நீலச் சட்டை. ஐரோப்பாவுக்குத்தான். தடை எதுவும் வரவில்லை. அங்கே அந்தக் கட்சி ஜெயித்ததா தோற்றதா என்று கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

பொத்தான் வரிசை முழுக்க எழுந்து நின்று என்னைப் பார்த்தது. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு தமெய்ன் வாங்கிக் கொடுத்தார்கள். பெண்கள் கட்டும் துணி, நல்ல பச்சை, கரையில் பூ வேலை. தங்கச்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் ரயிலில் நின்றுதான் வந்தேன், பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

ஞாயிறு தங்கச்சி கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. விடுதியில் கூட வேலை செய்கிறவளிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள், ஓட்டில் பேர், அப்பா பேர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாளாம். பேர் எழுதினால் அது செல்லாத ஓட்டு. யார் போட்டது என்று தெரியவே கூடாதாம்.

"அந்தக் கட்சிக்குத்தான் போட்டேன்ணே. உங்களுக்கு எதிராத்தான் போட்டேன். அதுவும் செல்லாமப் போச்சு."

நான் சொல்லித்தான் எழுதினாய் என்றேன். இல்லை, எனக்கே எழுதணும் போல இருந்தது, அத்தா பேரை நல்லா பெருசா எழுதினேன் என்றாள். கடைக்காரர் மணியைக் காட்டினார்.

திங்கட்கிழமை பொத்தான் வரிசை மூத்தவளிடம் போனேன். தமெய்னைத் திருப்பிக் கொடுத்தேன். தங்கச்சி ஓட்டு செல்லவில்லை, பேரும் அத்தா பேரும் எழுதிவிட்டாள், நான்தான் எழுதச் சொன்னேன் என்றேன். சட்டை வந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்றேன்.

அவள் ஊசியை வாயில் இருந்து எடுத்தாள்.

"பேரு எழுதாம எப்படி, அகோ? நம்ம ஆளுதான் போட்டாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நானா இருந்தாலும் எழுதித்தான் இருப்பேன்."

துணியை என் பக்கமே தள்ளினாள். அனுப்பு என்றாள்.

மீதியையும் சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். யாருக்குப் போட்டாள், போடச் சொன்னது யார் என்று. அதற்குள் நீலச் சட்டைகள் என் மேசையில் குவிந்துவிட்டன. போய்ப் பெட்டியை எடுத்தேன். மீதியை இன்று வரை சொல்லவில்லை.